முத்தம்மா பேரில் ஒரு மாருதி

பெரும்பாக்கம்
2.6.2025

அண்ணனுக்கு முத்தம்மா எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ இரண்டாவது வார்த்தையிலேயே என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். சிரித்த பிறகு எனக்குக் கோபம் நிற்காது. இந்தத் தடவை என் கோபம் எனக்கு வேண்டும். அதனால் உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். சொல்ல வேண்டியதை நீயும் எழுதியே சொல்.

நேற்று நீ இங்கே வந்துவிட்டுக் கிளம்பும்போது எங்கள் பிளாக் வாசலில் இருக்கும் தண்ணீர் டிரம்மை இடித்துத் தள்ளினாய். இறங்கி வந்து, "இத்த யாரு இங்க வச்சது" என்று எங்களையே மிரட்டினாய். அந்த டிரம் ஏழு வருடமாக அங்கேதான் இருக்கிறது. குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ இரண்டடி தள்ளி நின்றதால் பிழைத்தாள். அவள் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

பன்னிரண்டு வருடம் முன்னால் உனக்கு எந்த பாங்க்கும் கடன் கொடுக்கவில்லை. என் அங்கன்வாடி சம்பளச் சீட்டைக் காட்டி, என் பேரில் அந்தப் பழைய மாருதியை வாங்கினோம். ஆர்.சி. என் பேர். இன்சூரன்ஸ் என் பேர். ஓட்டுவது மட்டும் நீ. நாளைக்கு நீ யாரையாவது இடித்தால் கோர்ட்டில் கூப்பிடுவதும் என் பேரைத்தான்.

ஆகையால் இன்சூரன்ஸை ரத்து செய்துவிட்டேன். முப்பத்தோரு வருடம் ரிஜிஸ்டர் எழுதியவள் நான். ஒரு பக்கத்தை ரத்து செய்ய மூலைக்கு மூலை சிவப்பு மையில் கோடு, நடுவில் "ரத்து", கீழே கையெழுத்து, தேதி. அதற்குமேல் எந்த சூப்பர்வைசரும் கேள்வி கேட்டதில்லை. பாலிசியின் நான்கு பக்கத்திலும் அப்படியே செய்து இதோடு வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ் இல்லாத காரை எடுக்கக் கூடாது என்று உனக்குத் தெரியும். சாவியைக் கொண்டுவந்து கொடு.

முத்தம்மா


மயிலாப்பூர்
9.6.2025

டீச்சரம்மாவுக்கு அறிவு எழுதிக்கிறது. நான் சோக்கா கீறேன். அந்த டிரம்மு எப்டி கீது? என் வருத்தத்த அதுக்கு நேர்ல சொல்லிடு. நாலாங்கிளாஸ் கையெழுத்து, கோழி கிண்டுன மாரிதான் இருக்கும். படிக்கச் சொல்ல செவப்பு பேனாவ கீழ வையி.

உன் காயிதம் வந்துச்சு. நாலு பக்கத்துலயும் நீ போட்ட கோட்டப் பாத்து மெய்யாலுமே பயந்துட்டேன். ஆனா வெள்ளிக்கெழம மந்தவெளி பொன்மணிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணுமே. நீ போட்ட கோட்டுக்காவ அவ கிட்னி லீவு போடுமா? அவள அடையாறுல எறக்கி வுட்டுட்டு திரும்பிக்கினு இருந்தேன். சிக்னலாண்ட ஒரு டிராபிக்கு போலீசு ஓரங்கட்டுன்னாரு. பேப்பரு கேட்டாரு. நீ கோடு போட்ட பாலிசிய எடுத்துக் குட்த்தேன்.

இப்டிக்கா திருப்புறாரு, அப்டிக்கா திருப்புறாரு. "இன்னா பெருசு, பரிட்ச பேப்பரா? நாலுலயும் ஃபெயிலு போலகீது"ன்னாரு. இல்ல சார், தங்கச்சி டீச்சரு, வூட்ல எந்தக் காயிதம் கெடச்சாலும் திருத்திடும்னு சொன்னேன். அவரு கைல கீற மிசின்ல வண்டி நம்பரத் தட்டிப் பாத்தாரு. பாலிசி உசுரோடதான் கீது, அடுத்த மார்ச்சு வரிக்கும் ஒண்ணியும் ஆவலன்னு சொல்லி, தங்கச்சிய கேட்டதா சொல்லுன்னு அனுப்பிட்டாரு.

அதனால டீச்சரம்மா, உன் செவப்பு இங்கிக்கு அங்கன்வாடி கொயந்திங்கதான் பயப்படும். கம்பெனி பயப்படல. நானும் பயப்படல. வண்டி ஓடிக்கினுதான் கீது.

அண்ணன் அறிவு


பெரும்பாக்கம்
16.6.2025

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். கோபம் போகவில்லை. கடிதம் நல்ல வழிதான்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் தி.நகர் கிளைக்கு நேரில் போனேன். மூன்று பஸ் மாறினேன். அங்கே ஷண்முகப்ரியா என்று ஒரு பெண் இருக்கிறாள். முப்பது வயது இருக்கும். நான் கோடு போட்ட பாலிசியின் நகலைக் காட்டினேன். ஒரு நிமிடம் கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபோது சிரிக்காமல் இருந்தாள். நல்ல பெண்.

அவள் சொன்னது இது. ரத்து என்பது நாம் எழுதுவதல்ல, கம்பெனி எழுதித் தருவது. ரோட்டில் ஓடுகிற காருக்கு, அது மற்றவர் மேல் மோதினால் அவருக்கு நஷ்டஈடு தருகிற இன்சூரன்ஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், அது சட்டம். அதனால் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் ரத்து செய்யமாட்டார்கள். வேறு கம்பெனியில் பாலிசி எடுத்திருந்தால் அதைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் காரை உடைப்புக்குக் கொடுத்து, ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யை ரத்து செய்த சான்றிதழைக் காட்ட வேண்டும். விற்றால் அவர்கள் பேருக்கு ஆர்.சி.யையும் பாலிசியையும் மாற்றிவிட வேண்டும்.

பணம் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். அது ரத்து ஆகாது, அது ஆபத்து என்றாள். கார் என் பேரில் ஓடிக்கொண்டே இருக்கும், மோதினால் நஷ்டஈடு என் தலையில் விழும். கடைசியில் சொன்னாள்: "அம்மா, நீங்க மொதல்ல நிறுத்த வேண்டியது பாலிசிய இல்ல, வண்டிய."

நான் பிடிக்க முடிந்ததைப் பிடித்தேன். காகிதம் என் கைக்கு எட்டியது, நீ எட்டவில்லை.

அந்தக் கார் பத்தொன்பது வருடத்துப் பழசு. யாரும் வாங்கமாட்டார்கள். அரசாங்கம் அனுமதித்த உடைப்புக் கூடம் ஒன்று இருக்கிறது, அவர்களே வந்து இழுத்துப் போவார்களாம். என் கையெழுத்தும் காரும் வேண்டும். கையெழுத்து தயார்.

ஒன்று கேட்கிறேன். கிண்டல் செய்யாமல் பதில் சொல். உன் கண்ணுக்கு என்ன?

முத்தம்மா


மயிலாப்பூர்
23.6.2025

தங்கச்சி,

என் கண்ணுக்கு இன்னா? ரெண்டு கீது. எண்ணிப் பாத்துட்டேன். போன வருசம்தான் லைசென்சு புதுப்பிச்சேன், டாக்டரு டெஸ்ட்டு பண்ணி கையெழுத்துப் போட்டாரு. டாக்டரு கையெழுத்தயும் நீ திருத்துவியா?

ஷண்முகப்ரியா பாப்பாவுக்கு ஒண்ணு சொல்லு. நாப்பது வருசம் ஊரான் வண்டி ஓட்டுனவன் நானு. ஜவுளிக்கட மொதலாளி அய்யாதுரை அய்யாவ இருவத்தாறு வருசம் பாண்டி பஜாருக்கும் ஏர்போட்டுக்கும் ஓட்டுனேன். ஏசி காத்து எப்பவும் பின்னாடி சீட்டுக்குத்தான். முன்னாடி நான் வேத்துக்கினே போவேன். இந்த மாருதி வாங்குன அன்னிக்கு இன்னா பண்ணேன் தெர்மா? ஏசிய என் மூஞ்சிக்கு நேரா திருப்பி வச்சுக்கினு, லஸ்லேந்து கலங்கரவெளக்கம் வரிக்கும் சும்மா போயிட்டு வந்தேன். சளி புட்ச்சிக்கிச்சு. அந்த வண்டிய ஒடைக்கக் குடுன்றியே.

அப்பால பொன்மணி. உன் அண்ணி செத்த அன்னிக்கு எனக்கு சோறு போட்டவ. வாரத்துல மூணு நாளு அவ ரத்தத்த வெளிய எடுத்து கயுவி உள்ள வுடுறாங்க. முடிச்சிட்டு வரச் சொல்ல வாடுன கீரத்தண்டு மாரி தொவண்டு வரா. ஆட்டோவுல ஏத்துனா குலுக்கல்ல வாந்தி எடுக்குறா. அவகிட்ட நான் ஒத்த ரூவா வாங்குறதில்ல. அவள நீ தூக்கிக்கினு போறியா?

சாவி என் பாக்கெட்டுல கீது. பாக்கெட்டு சட்டைல கீது. சட்ட என் மேல கீது.

அறிவு


பெரும்பாக்கம்
30.6.2025

அண்ணா,

சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்று போஸ்ட் கார்டு போட்டிருந்தேன். உடைப்புக் கூடத்து ஆளோடும் இழுவை வண்டியோடும் வந்தேன். நீ இல்லை. காரும் இல்லை. சனிக்கிழமை பொன்மணிக்கு ஆஸ்பத்திரி கிடையாது.

ஒரு மணி வரை இருந்தேன். இழுவை வண்டிக்காரர் பாதியிலேயே போய்விட்டார். பக்கத்து வீட்டு வலியுல்லா பாய் உன் வீட்டு மாற்றுச் சாவியைக் கொடுத்து உள்ளே உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் தேடினபோது அலமாரியில் சொட்டு மருந்துக் குப்பிகள் நான்கைப் பார்த்தேன். இரண்டு காலி. நான்கு சீட்டிலும் இடது கண் என்று எழுதியிருக்கிறது. முதல் சீட்டின் தேதி போன வருடம் அக்டோபர்.

எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் நீ எனக்கு எத்தனை ஜோக் சொன்னாய் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

எனக்கு இப்போது கோபம் இல்லை, பயம்தான். யாரும் சாவதற்கு முன்னால் நிறுத்து.

முத்தம்மா


மயிலாப்பூர்
8.7.2025

முத்து,

இந்தக் கடுதாசில கிண்டல் கம்மியாத்தான் இருக்கும். பொறுத்துக்க.

அன்னிக்கு கொட்டிவாக்கத்துல பீச்சாண்ட வண்டிய நிறுத்திட்டு ஒளிஞ்சிக்கினு இருந்தேன். எய்வது வயசுக்காரன் மாரியா நடந்துக்கினேன்? மருந்து என்னுதுதான். எடது கண்ணு பூட்ச்சி. கண்ணுக்குள்ள அழுத்தமாம். வலி இல்ல, செவப்பு இல்ல, ஓரத்துலேந்து இருட்டிக்கினே வந்துச்சு. போனது திரும்பாதுன்ட்டாரு டாக்டரு, கீறத காப்பாத்திக்கத்தான் சொட்டு. லைசென்சுக்கு டெஸ்ட்டு பண்ணப்பவே சரியாத் தெரியல. வலது கண்ண மூடிக்கினு படின்னாங்க. வெரல் சந்துல வலது கண்ணாலயே படிச்சேன். வெளிய வந்து நானே சிரிச்சுக்கினேன், இன்னா கெட்டிக்காரன்டா நீன்னு.

வெள்ளிக்கெழம பொன்மணிய மந்தவெளில எறக்கிட்டு வந்தேன். கச்சேரி ரோட்டுலேந்து எடது பக்கம் திரும்புனேன். டப்புன்னு ஒரு சத்தம். மறுபடியும் டிரம்முதான்னு நெனச்சேன். எறங்கிப் பாத்தா ஒரு ஆளு கெடக்குறாரு, என்ன வுட பத்து வயசு கம்மியா இருக்கும். மேல சைக்கிளு. ரோடு பூரா சாமந்தி.

கூட்டம் கூடிச்சு. எல்லாரும் அவரத்தான் திட்டுனாங்க. பெரியவரு கார் திரும்புறது தெரியலயா, நீ எதுக்குப்பா உள்ள பூர்றன்னாங்க. அவரு எய்ந்து நின்னாரு. வலது கை தொங்குது. இன்னொரு கைய நெஞ்சுக்கு நேரா வச்சி என்ன கும்புட்டாரு. "மன்னிச்சுக்கிடுங்க சார். நாந்தான் குறுக்க வந்துட்டேன்"னாரு.

என்னப் போய் சார்ன்னாரு முத்து. நான் இன்னா சொன்னேன் தெர்மா? பரவால்ல, பாத்துப் போங்கன்னேன். சொல்ட்டு வண்டிய எடுத்துக்கினு வந்துட்டேன்.

அவரு குறுக்க வரல. அவரு வழிலதான் அவரு வந்தாரு. எனக்கு அந்தப் பக்கம் ஒலகமே இல்ல.

மறுநாளு கொளத்தாண்ட பூக்கடைல விசாரிச்சேன். பேரு பொன்ராஜ். கை மணிக்கட்டு ஒடஞ்சி மாவுக்கட்டு போட்டுகீது. போலீசுக்குப் போவல. அவரு தப்புன்னே நெனச்சிக்கினு கீறாரு. சாவிய வலியுல்லா பாய் கைல குட்த்துட்டேன். நீ எப்ப வேணா வந்து வண்டிய இட்டுக்கினு போ. எல்லாத்தயும் ரத்து பண்ணிடு.

அறிவு


பெரும்பாக்கம்
12.7.2025

அண்ணா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு தி.நகர் போனேன்.

ஷண்முகப்ரியாவிடம் உன் பேரைச் சொல்லவில்லை. தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி நடந்தது என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, தெரிந்தவருக்கே பதில் சொன்னாள். மோதிய தேதியில் பாலிசி உயிரோடு இருந்தால் போதும். பிறகு முறைப்படி ரத்து செய்தாலும் அடிபட்டவருக்கு வரவேண்டிய நஷ்டஈடு போகாது. ஆனால் நடந்ததை போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், கம்பெனிக்கும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். ஓட்டியவர் மேல் வழக்கு வரும். கண் விஷயம் தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும்.

ரத்து செய்யும் படிவத்தை வாங்கி வந்து பூர்த்தி செய்துவிட்டேன். பாலிசி நம்பர், கார் நம்பர், பாங்க் பாஸ்புக் நகல், எல்லாம் சரி. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. "இந்தப் பாலிசி காலத்தில் விபத்து ஏதேனும் நேர்ந்ததா? ஆம், இல்லை."

உன்னிடம் மறைக்கமாட்டேன். "இல்லை" என்று போட்டால் எல்லாம் இந்த மாதமே முடிந்துவிடும். யாரும் புகார் கொடுக்கவில்லை. பொன்ராஜே தன் தப்பு என்கிறார். ரிஜிஸ்டரில் நான் பொய் எழுதியதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்வேன். அதுவும் உண்மையில்லை. மேலே திட்டு விழுமே என்று, வராத பிள்ளைக்கு வந்ததாகப் போட்ட நாட்கள் உண்டு. அதனால் என் கையை நான் நம்பவில்லை. நான் உன் தங்கை, என் கை "இல்லை" பக்கம்தான் போகும்.

எழுபது வயதில் நீ போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவதை நினைத்தால் பேனாவை எடுக்கிறேன். அந்த மனிதர் ஒற்றைக் கையால் கும்பிட்டதை நினைத்தால் கீழே வைத்துவிடுகிறேன்.

எதைப் போடட்டும்? நீ சொல்.

முத்தம்மா


மயிலாப்பூர்
16.7.2025

முத்து,

ஆமான்னு போடு. ஸ்டேசனுக்கு நாளைக்குக் காலைல போறேன்.

அறிவு


பெரும்பாக்கம்
18.8.2025

அண்ணனுக்கு,

கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. போலீஸ் பரிசோதித்து விடுவித்த பிறகு கார் உடைப்புக்குப் போன சான்றிதழ், ஆர்.டி.ஓ. ஆர்.சி.யை ரத்து செய்த உத்தரவு, என் விண்ணப்பம், மூன்றையும் பார்த்து பாலிசியை ரத்து செய்ததாக ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். விபத்து நடந்த தேதிக்கான பொறுப்பு கம்பெனியுடையது என்பது அடுத்த வரி. மீதிக் காலத்துக்குப் பணம் திரும்ப வராது. பொன்ராஜுடைய கேஸ் முடிய நாளாகும், ஆனால் முடியும் என்று ஷண்முகப்ரியா சொன்னாள். தெரிந்தவர் எப்படி இருக்கிறார் என்றும் கேட்டாள். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். எழுந்து வந்து கதவு வரை என்னை விட்டுவிட்டுப் போனாள்.

உன் வாசலிலிருந்து காரை இழுத்துக்கொண்டு போனபோது நீ வலியுல்லா பாயோடு சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். கார் தெருமுனை திரும்பும் வரை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அதை நான் கவனித்தேன்.

பொன்மணியிடம் பேசினேன். இப்போது பாய்தான் தன் ஆட்டோவில் மெத்தை போட்டுக் கூட்டிப்போகிறாராம். முதல் நாள் வாந்தி எடுத்தாளாம், பிறகு இல்லையாம். நடக்கிற வேகத்தில் ஓட்டுகிறார், பின்னால் வருகிறவர்கள் எல்லாம் திட்டுகிறார்கள், அவர் காதில் வாங்குவதில்லை என்றாள். நீ அவளை ஏமாற்றி ஓட்டினதற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

பொன்ராஜ் வீட்டுக்குப் போனாயா? அதைப் பற்றி மட்டும் நீ ஒன்றும் எழுதவில்லை.

முத்தம்மா


மயிலாப்பூர்
25.8.2025

தங்கச்சி,

போனேன். எய்த வரல, அதான் எய்தல.

மந்தவெளில ஒரு சந்துல ஒத்த ரூமு. அவரு சம்சாரம் பூ கட்டிக்கினு இருந்துச்சு. போலீசு வந்து கேட்டப்பவும் தன் தப்புன்னே சொன்னாராம். சார் வந்துகீறாருன்னு ஸ்டூலத் தொடச்சிப் போட்டாரு. நான் குந்தல. நின்னுக்கினே சொல்ட்டேன். தப்பு உம் மேல இல்ல, எனக்கு எடது கண்ணு தெரியாது, தெரியாதுன்னு தெரிஞ்சேதான் ஓட்டுனேன், ஸ்டேசன்லயும் எய்திக் குட்த்துட்டேன்னு. கிண்டல் பண்ணி சொல்லலாம்னு பாத்தேன். வாயில ஒண்ணு கூட வரல.

அவரு மாவுக்கட்ட எடுத்து மடில வச்சிக்கினாரு. அப்பால சொன்னாரு: "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார். என் தப்புன்னு நெனச்சு, கட்டு பிரிச்சாலும் இனி சைக்கிள் ஏறவே கூடாதுன்னுல்ல இருந்தேன்."

கை ஒடஞ்சது ஒரு மாவுக்கட்டுல சரியாவும். இத்த நான் எதால கட்டுறது? மன்னிச்சிடுன்னு கேட்டேன். அவரு பரவால்லன்னு சொல்லல. சொல்லவும் கூடாது. அன்னிக்கு நான் சொன்ன பரவால்லயே ரெண்டு பேருக்கும் போதும்.

மறுநாளு காலைல மறுபடியும் போனேன். கை சரியாவுற வரிக்கும் சைக்கிள நான் தள்றேன், நீ பூ வியாபாரத்தப் பாருன்னேன். வேணாம்னு கதவ சாத்திட்டாரு. அடுத்த நாளும் சாத்துனாரு. மூணாவது நாளு அவரு சம்சாரமே கூடைய எடுத்து சைக்கிள்ல கட்டி வுட்டுச்சு.

இப்ப ஒரு வாரமா போய்க்கினு கீறோம். நான் ஹேண்டில் பார புட்ச்சிக்கினு தள்றேன். பூ பூன்னு கத்துறதும் நான்தான், அவருக்கு சத்தம் பத்தாது. மொதல் நாளு வலது பக்கமா நடந்து வந்தாரு. ரெண்டாவது நாளு, நான் ஒண்ணும் கேக்கல, அவரே சுத்திக்கினு எடது பக்கம் வந்துட்டாரு. குழி, மாடு, ஆளுன்னு சொல்லிக்கினே வராரு. மத்தபடி பேச்சு கெடையாது.

நேத்து அதே கச்சேரி ரோடு. எடது பக்கம் திரும்புறப்ப அவரு நல்ல கையால என் தோளப் புட்ச்சி நிறுத்துனாரு. ஒரு கார் சர்ருன்னு ஒரசிக்கினு போச்சு. ஓட்டுறவன் போன்ல பேசிக்கினே போனான், எங்க ரெண்டு பேரையும் பாக்கவேயில்ல.

ரோடு தாண்டுற வரிக்கும் அவரு கைய எடுக்கல.

அறிவு